அவர் பெயரைச் சொல்லும் நேரம்

பொன்னுரங்கம் பேச ஆரம்பித்து எங்க வீட்டுக்காரர் பிறந்தாயிற்று, பள்ளிக்கூடம் போயாயிற்று, இப்போதுதான் பட்டாளத்தில் சேர்ந்திருக்கிறார். பாக்கி வாழ்க்கை முழுவதும் பொன்னுரங்கத்தின் கையிலிருக்கிற தாள்களில் தடிமனாக இருக்கிறது, நல்லவேளை. பேசட்டும். நிதானமாகப் பேசட்டும். படைவீரர் சங்கத்துக்குத் தலைவர் என்றால் நீளமாகப் பேசவேண்டும் என்று யாரோ அவருக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். மற்ற நாளாக இருந்தால் எனக்குக் கொட்டாவி வந்திருக்கும், இன்றைக்கு அந்த மனுஷர் வாய்க்குச் சர்க்கரை போடலாம். ஏனென்றால் அவர் முடித்ததும் நான் எழுந்திருக்கவேண்டும். எழுந்து போய், கூடத்துக்கு நடுவில் கோட்டும் டையுமாக விறைத்துக்கொண்டு நிற்கிற என் புருஷனுக்கு எதிரே நின்று, அவர் பெயரைச் சொல்லவேண்டும். பெயரை. முழுப் பெயரை. மைக்கில். கல்யாணமாகி ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, ஒரு தடவைகூட அது என் வாயிலிருந்து வந்ததில்லை. இவர், அவர், எங்க வீட்டுக்காரர், மீனாவோட அப்பா, ஏங்க, இந்தாங்க, இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த பெயர்கள். இவ்வளவை வைத்துக்கொண்டு ஒரு குடும்பமே நடத்திவிட்டேன், பிரான்சில் பாதி, புதுச்சேரியில் பாதி. இன்றைக்கு மட்டும் அது போதாதாம். மேலே மின்விசிறி கடகடக்கிறது, போன வாரம் ஜூலை பதினாலாம் தேதி பிரெஞ்சு தேசிய நாள் கொண்டாட்டத்துக்குக் கட்டின மூவர்ணக் காகிதக் கொடிகள் இன்னும் அவிழ்க்கப்படாமல் கடல் காற்றில் படபடக்கின்றன, பின்வரிசையில் யாரோ ஒருத்தியின் மல்லிகைப்பூ வாசனையும் கிழச் சிப்பாய்களின் ஒதிகொலோன் வாசனையும் கலந்து வருகிறது. எனக்குப் பயம்தான். ஆனால் பயம் மட்டும் இல்லை. தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி படுத்துக்கொண்டு புதுத்துணியை நினைத்துக்கொண்டே இருப்போமே, அதுவும் இருக்கிறது.

சட்டம் அப்படி. லெஜியோன் தொனேர், நம் ஜனங்கள் வாயில் செவாலியே விருது, பிரான்சு தேசத்தில் இதற்கு மேல் ஒன்று கிடையாது. சண்டையில் காலைக் கொடுத்த சிப்பாய்க்கும் இதுதான், ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்தவளுக்கும் இதுதான், இரண்டு பேருக்கும் ஒரே சிவப்பு ரிப்பன். ஆனால் அரசாங்கம் கொடுத்துவிட்டது என்பதற்காக எடுத்துக் குத்திக்கொள்ள முடியாது. ஏற்கெனவே அதை வாங்கின ஒருவர் முறைப்படி பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வாசகத்தைச் சொல்லி, நெஞ்சில் குத்தி, இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தால்தான் அது செல்லும். அதுவரைக்கும் பெட்டியிலேயே கிடக்கவேண்டியதுதான். யார் குத்தவேண்டும் என்பதை வாங்குகிறவரே சொல்லலாம். இந்த ஊரில் இப்போதைக்கு நடமாடிக்கொண்டு இருக்கிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற காப்டன் அருளானந்து. இன்னொருத்தி நான். வீட்டில் சிப்பாய் அவர், மெடல் முதலில் வந்தது எனக்கு. துலோன் துறைமுகத்து ஆஸ்பத்திரியில் மாலுமிகள் பெண்டாட்டிகளுக்கெல்லாம் பிள்ளை எடுத்தவள், அதற்காகக் கொடுத்தார்கள். அப்போது இவர் அடித்த கூத்து இருக்கிறதே, மீன் மார்க்கெட்டில் போய், “மதாம் செவாலியே வராங்க, வஞ்சிரத்துல நல்லதா பாத்து எடு,” என்று மீன்காரியிடம் சொல்லி வைத்து, அவள் அதை இன்றுவரைக்கும் விடவில்லை. செவாலியேம்மா என்கிறாள், விலையையும் அதற்கேற்றாற்போல் ஏற்றிச் சொல்கிறாள். இவருக்கு இப்போது வந்ததுகூடச் சண்டைக்காக மட்டும் இல்லை. ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபிறகு, பென்ஷன் நின்றுபோன பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தாக்களின் விதவைகளுக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினாரே, அதற்காகவும்தான். அந்தப் பெண்களெல்லாம் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். காலையில் நான் உள்ளே வந்தபோது ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, “மெடலு எங்களுக்கே வந்த மாதிரி இருக்குதுங்க மதாம்,” என்றாள். எனக்கு அப்போதே கண் நிறைந்துவிட்டது, மை கலையும் என்று கடலைப் பார்த்துச் சமாளித்தேன்.

முத்தத்துக்குக்கூட நான் பயப்படவில்லை. முதலில் பயந்தேன், ஊர் பார்க்க நம் ஜனங்கள் நடுவில் புருஷனுக்கு முத்தம் கொடுப்பதாவது என்று. பிறகு அது சட்டத்தில் இருக்கிறது, என் இஷ்டமில்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டேன், இப்போது கொஞ்சம் ஆசையாகக்கூட இருக்கிறது. பெயர்தான். எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது என் அத்தை தலைவாரிக்கொண்டே சொன்னாள், “அவன் பேர வாயால சொல்லிடாதடி, ஆயுசு கொறையும்.” சொல்லும்போதே சீப்பால் மண்டையில் ஒரு தட்டுத் தட்டினாள், அது நன்றாக உள்ளே இறங்கிவிட்டது. பெயரை மட்டுமா, பெயரில் வருகிற சொல்லைக்கூடச் சொல்லக்கூடாது. சிதம்பரத்துக்குப் போனால் அங்கே சாமி காலைத் தூக்கி ஆடுகிறாரே, அந்த ஆட்டத்துக்கு ஒரு பெயர் உண்டு, எல்லோரும் சொல்வார்கள், நான் மட்டும், ‘சாமி ஆடறாரு’ என்பேன். மாமனார் பெயரும் கூடாதுதான். ஆனால் பிரான்சில் மாமனார் பெயர் குடும்பப் பெயராகி என் தலையிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது, மதாம் சிங்காரவேலு என்று ஆஸ்பத்திரி முழுக்கக் கூப்பிட்டார்கள், அவரைச் சமாளித்துவிட்டேன், பெரிய மனுஷர், மன்னித்திருப்பார். இவருடையதுதான் உள்ளேயே நின்றுவிட்டது. கல்யாணத்தன்று அவர் வீட்டு வாசலில் பெண்களெல்லாம் கையைக் கோத்துக்கொண்டு வழியை மறித்தார்கள். புருஷன் பேரைச் சொன்னால்தான் உள்ளே விடுவோம் என்றார்கள். எல்லாக் கல்யாணத்திலும் நடக்கிற கேலிதான், மற்றப் பெண்களெல்லாம் வெட்கப்பட்டு, பாட்டுக்குள் மறைத்து, எப்படியோ சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். நான் அத்தையின் சீப்பை நினைத்துக்கொண்டு வாயை இறுக்கிக்கொண்டேன். வெயில் ஏறுகிறது, பாலும் பழமும் ஆறிப்போகிறது, ஆரத்தி எடுத்தவளுக்குக் கை வலிக்கிறது, நான் அசையவில்லை. பிடிவாதக்காரியைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறான் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அப்போது என் பக்கத்தில் மாலையும் கழுத்துமாக நின்றுகொண்டிருந்த இவர், தன் பெயரைத் தானே சத்தமாகச் சொன்னார். கூட்டத்தைப் பார்த்து, பட்டாளத்துக் குரலில். பிறகு, “சொல்லியாச்சு இல்ல, வழிய விடுங்க, அவளுக்குக் கால் சுடுது,” என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நான் உள்ளே போய்விட்டேன். அன்றைக்குத்தான் எனக்கு அவரைப் பிடித்தது, அதற்குமுன் மீசையைத்தான் பார்த்திருந்தேன்.

பொன்னுரங்கம் இவரைக் கப்பலேற்றிவிட்டார். இவர் அசையாமல் நிற்கிறார். முட்டி வலிக்குமே, உட்கார வைத்துப் பேசினால் என்ன, போன வருஷம் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த மனுஷர். நான் அவரைப் பார்க்கிறேன் என்று தெரிந்து இடது புருவத்தை மட்டும் தூக்குகிறார். விறைப்பாக நிற்கும்போது இவரால் புருவத்தைத்தான் ஆட்ட முடியும், பட்டாளம் அதை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. ஒன்றுமில்லை என்கிறது அந்தப் புருவம், ஷூ கொஞ்சம் கடிக்கிறது, அவ்வளவுதான். இன்றைக்குக் காலையில் அந்த ஷூவுக்கு எத்தனை தரம் பாலிஷ் போட்டார், பூனை வந்து அதில் தன் முகத்தைப் பார்த்துவிட்டுப் போயிற்று. பட்டாளத்தில் காலையில் பெயர் கூப்பிடுவார்களாம். கூப்பிட்டதும் குதிகாலைச் சேர்த்து, மோவாயைத் தூக்கி, ‘ப்ரெஸான்!’ என்று கத்தவேண்டும். இருக்கிறேன் என்று அர்த்தம். இவர் முறை வந்ததும் சார்ஜெண்ட் நின்றுவிடுவாராம். முதல் எழுத்தைச் சொல்லி மூச்சு வாங்குவார், இரண்டாம் எழுத்தில் நாக்கு மாட்டிக்கொள்ளும், மூன்றாவது எழுத்து யாருடையதோ. பாவம் பார்த்து இவரே பாதியில் கத்திவிடுவாராம். எந்த ஊருக்கு மாற்றினாலும் இதே கதை. “கடைசி வரைக்கும் ஒருத்தனும் என் பேர முடிச்சதில்ல குமுதா,” என்று சொல்லிச் சிரிப்பார். நான் மட்டும் யோக்கியமா, நான் ஆரம்பித்ததே இல்லை. பாரிஸில் லியோன் ரயில்கள் புறப்படுகிற ஸ்டேஷனில் ஒரு தடவை இவரைத் தொலைத்துவிட்டேன், மீனா கைக்குழந்தை, ரயில் புறப்படப் போகிறது, எத்தனை ஆயிரம் தலை, எல்லாம் தொப்பி போட்ட தலை. மற்றப் பெண்ணாக இருந்தால் பெயரைச் சொல்லிக் கத்தியிருப்பாள். நான் அடிவயிற்றிலிருந்து, ‘ஏங்க!’ என்று கத்தினேன். அந்த ஸ்டேஷன் முழுக்க இரண்டே பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் இவர். இன்னொருவர் யாரென்றே தெரியாத ஒரு காரைக்கால்காரர், அவரும் சிப்பாய், அவர் பெண்டாட்டி ஊரில் இருக்கிறாள், பழக்கதோஷத்தில் திரும்பிவிட்டார். மூன்று பேரும் நடைமேடையில் நின்று சிரித்த சிரிப்பில் ரயிலை விட்டுவிட்டோம். அந்தக் காரைக்கால்காரர்தான் இதோ என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற காப்டன் அருளானந்து. அன்றிலிருந்து நான் அக்கா, அவர் தம்பி.

இப்படிச் சொன்னால் எல்லாம் விளையாட்டுப்போல இருக்கிறது. அத்தை சொன்னதோடு நின்றிருந்தால் விளையாட்டுத்தான். மீனா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, “அம்மா, அப்பா பேர் என்ன, எழுதிட்டு வரச் சொன்னாங்க,” என்று எத்தனை தந்திரம் செய்திருக்கிறாள், நான் அவளை அவரிடமே அனுப்பிவிடுவேன், வீடே சிரிக்கும். ஆனால் நடுவில் ஒரு நாள் வந்தது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இவர் ஆப்பிரிக்காவில், சாட் நாட்டுப் பாலைவனத்தில் இருந்தார். நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். ஒருத்திக்கு வலி ஏறிக்கொண்டிருக்கிறது, நர்சுகள் அறையில் ரேடியோ பாடிக்கொண்டிருக்கிறது, பாட்டை நிறுத்திச் செய்தி சொன்னான், நம் வண்டிகள் கண்ணிவெடியில் மாட்டிக்கொண்டன, ஆட்கள் போயிருக்கிறார்கள், பெயர்கள் பிறகு. பிறகு என்றால் எப்போது. யாரைக் கேட்பது. கை பாட்டுக்கு வேலையைச் செய்தது, அதுதான் ஆச்சரியம். குழந்தையின் கழுத்தில் கொடி சுற்றியிருந்தது, விரலை விட்டு மெல்ல எடுத்தேன். பிரெஞ்சுக்காரிகள் வலி வந்தால் புருஷன் பெயரைச் சொல்லித்தான் கத்துவார்கள், திட்டுவார்கள், அவளும் கத்தினாள், பத்ரீஸ், பத்ரீஸ் என்று கூரை போகிற மாதிரி. எனக்கு வாய் முழுக்க ஒரு பெயர் இருந்தது. கத்தவேண்டும் போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். சொல்லமாட்டேன், சாகிறவரைக்கும் சொல்லமாட்டேன், ஆளைத் திருப்பிக் கொடுத்துவிடு என்று வேண்டிக்கொண்டேன். யாரிடம் வேண்டிக்கொண்டேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது, சிதம்பரத்தில் ஆடுகிறவரிடமாக இருக்கலாம், அத்தையிடமாகக்கூட இருக்கலாம். குழந்தை அழுதது. மறுநாள் சாயந்திரம் போன் வந்தது, இரைச்சல், இரைச்சலுக்கு அந்தப் பக்கம், “குமுதா, நான்தான்.” நான், “ஏங்க,” என்றேன். வேறொன்றும் வரவில்லை. அன்றைக்கு அது அத்தையின் பழக்கமாக இல்லாமல் என்னுடையதாக ஆகிவிட்டது. ஆயுசு குறையாது என்று எனக்குத் தெரியும். உயிர் வருவதை இந்தக் கையால் அவ்வளவு பார்த்தவளுக்கு, அது போவது பெயரால் இல்லை என்று தெரியாதா. தலைக்குத் தெரியும். வயிற்றுக்குத் தெரியவில்லை. கொடுத்த வாக்கு கொடுத்ததுதான் என்கிறது வயிறு, அந்தப் பக்கம் சாமி நீ கேட்டபடி ஆளை அனுப்பிவிட்டார், இந்தப் பக்கம் நீ மீறப்போகிறாயா என்கிறது.

அதுவும் நவம்பர் பதினொன்றாம் தேதி வந்தால் இன்னும் மோசம். கடற்கரைச் சாலை நினைவுச் சின்னத்தில் எல்லோரும் நிற்போம், யுத்தத்தில் போன நம் ஊர்ப் பிள்ளைகளின் பெயர்களை ஒருவர் மைக்கில் வாசிப்பார். ஒவ்வொரு பெயருக்கும், ‘பிரான்சுக்காக இறந்தார்’ என்று பதில் சொல்வார்கள். எல்லாம் இவர் பெயர் மாதிரிப் பெயர்கள், நீளமான தமிழ்ப் பெயர்கள், பிரெஞ்சு நாக்கில் கையொடிந்து காலொடிந்து வரும். முழுப் பெயர், மைக், கோட்டுப் போட்டவர்கள், அமைதி. அதேதான் இன்றைக்கும். கூப்பிட்டால் என்ன பதில் வரும் என்று எனக்கு உள்ளுக்குள் குளிர்கிறது. போன வருஷம் ஸ்டென்ட் வைக்கக் கொண்டுபோனபோது, சக்கர நாற்காலியில் இவர் வாயை மூடிக்கொண்டு வியர்த்துக் கிடக்கிறார், சீட்டு எழுதுகிற பெண், “பேஷண்ட் பேரு?” என்றாள். நான் அடையாள அட்டையை நீட்டினேன். அவள், “வாயத் தொறந்து சொல்லுங்கம்மா, கைல பேனா இருக்கு,” என்றாள். நான் அட்டையை இன்னும் நீட்டினேன். இவர் அந்த வியர்வையிலும் சிரித்தார். “அவங்க சொல்லமாட்டாங்கம்மா, எழுதிக்கோ,” என்று தானே சொன்னார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெயரைச் சொன்ன மனுஷர். வீட்டுக்கு வந்து உடம்பு தேறின பிறகு, விருதுச் செய்தியும் வந்த பிறகு, ஒரு நாள் சாயந்திரம் மீன் குழம்புக்குப் பூண்டு உரித்துக்கொண்டே, “நீதான் குத்தணும் குமுதா,” என்றார். காப்டன் தம்பி இருக்கிறாரே என்றேன். “அவன் குத்தினா மெடல் வரும். எனக்கு மெடல் மட்டும் பத்தாது.” பிறகு பூண்டையே பார்த்துக்கொண்டு சொன்னார், “எங்க அம்மா போனதோட என் பேர ஒழுங்கா சொல்றதுக்கு ஆளில்லாம போச்சு. உன் வாயால ஒரு தடவ கேட்டுட்டு போறன்.” எங்கே போறீங்க என்று கோபமாகக் கேட்டேன். “கூடத்துக்குத்தான்,” என்றார். உரித்த பூண்டு தேவைக்கு மேல் மூன்று மடங்கு இருந்தது, குழம்பு அன்றைக்குப் பூண்டுக் குழம்பாகவே ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, கண்ணாடியைப் பார்த்து ஒத்திகை பார்த்தேன். வாய் திறக்கிறது, நாக்கு மேலண்ணம் வரைக்கும் போகிறது, அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. பிரெஞ்சு வாசகமெல்லாம் தண்ணீர்பட்ட பாடு. ‘குடியரசுத் தலைவர் பெயரால், எமக்கு அளிக்கப்பட்ட அதிகாரங்களைக் கொண்டு, உங்களை லெஜியோன் தொனேரின் செவாலியே ஆக்குகிறோம்.’ தூக்கத்தில்கூடச் சொல்வேன். அதற்கு முன்னால் வருகிற பெயர்தான் கிடையாது. வெளியிலிருந்து இவர், “என்ன குமுதா, பாட்டா?” என்கிறார். தண்ணி போகுது என்று கத்தினேன். தொட்டித் தண்ணீரெல்லாம் போயிற்று, பெயர் வரவில்லை. காப்டன் தம்பிக்குப் போன் போட்டு, ‘என் கணவரே’ என்று ஆரம்பித்தால் செல்லாதா என்று கேட்டேன். அவர் சிரித்துச் சிரித்து இருமல் வந்து, “அக்கா, குடியரசுத் தலைவரு உங்க வீட்டுக்காரருக்குக் கொடுக்கல, அந்தப் பேருள்ள ஆளுக்குத்தான் கொடுக்குறாரு, பேர் சொன்னாத்தான் செல்லும்,” என்றார். பிறகு குரலைத் தணித்து, “முடியலேன்னா சொல்லுங்க, நானும் ஒரு அட்டையில எழுதி வெச்சிருக்கேன், கண்ணக் காமிச்சா போதும், நான் எழுந்துடறேன்,” என்றார். இதோ அந்த அட்டை அவர் சட்டைப் பையில் எட்டிப்பார்த்துக்கொண்டிருக்கிறது. கண்ணைக் காட்டினால் போதும். இவருக்கும் மெடல் வந்துவிடும், என் வாக்கும் நிற்கும், எல்லோரும் கை தட்டுவார்கள், பின்னால் மசால்வடை ஆறாமல் இருக்கும். இவர் ஒரு வார்த்தை கேட்கமாட்டார். அதுவும் எனக்குத் தெரியும். புருவத்தைத் தூக்கி, ஒன்றுமில்லை, ஷூ கடிக்கிறது என்பார்.

பொன்னுரங்கம் கடைசித் தாளைப் புரட்டிவிட்டார். இவ்வளவு சீக்கிரமா, சாடுக்கு எப்போது போனார், எப்போது வந்தார், நான் கவனிக்கவே இல்லையே, இன்னும் கொஞ்சம் பேசுங்கள் ஐயா, தோட்டத்தில் இவர் போட்ட முருங்கையைப் பற்றியாவது பேசுங்கள். கை தட்டுகிறார்கள். பின்வரிசைப் பெண்கள் எல்லோருக்கும் கடைசியாகத் தட்டி முடிக்கிறார்கள். அருளானந்து என் பக்கம் சாய்ந்து, “அக்கா, நீங்களா, நானா?” என்கிறார். அவர் விரல் அட்டையில் இருக்கிறது. நான் இவரைப் பார்க்கிறேன். இவர் என்னைப் பார்க்கவில்லை, நேரே எதிர்ச்சுவரைப் பார்க்கிறார், விறைப்பில் அப்படித்தான் பார்க்கவேண்டும், ஆனால் உதடு மட்டும் உள்ளே மடங்கி மடங்கி வருகிறது. வெட்கம்! எழுபத்தெட்டு வயதில் இந்த மனுஷருக்கு வெட்கம் வந்திருக்கிறது. அந்தக் கல்யாணத்தன்று வாசலில் நான் இப்படித்தான் நின்றிருப்பேன், உதட்டை மடித்துக்கொண்டு, உள்ளே போக வழி தெரியாமல். அன்றைக்கு எனக்காக அவர் சொன்னார். இன்றைக்கு வாசலில் நிற்கிறது அவர், தானே சொல்லிக்கொள்ளவும் முடியாது, வாயைத் திறக்கக்கூடாது என்பது சட்டம். நான் சொன்னால்தான் வழி. நான் சொல்லாமலே இருந்து, ஒரு நாள் இவர் போய், அந்த நினைவுச் சின்னத்திலோ வேறெங்கோ யாரோ ஒருவர் இந்தப் பெயரை மைக்கில் கடித்துத் துப்பி, அதுதான் கடைசி என்று ஆகிவிட்டால்? நினைக்கும்போதே எனக்குக் கோபம் வருகிறது. எதற்காக இத்தனை காலம் பொத்திப் பொத்தி வைத்தேன், ஊறுகாயா போடப்போகிறேன். சிதம்பரத்தாரே, வாக்கை மீறுகிறேன், மன்னித்துக்கொள்ளும், உமக்கும் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள், அவளைக் கேட்டால் சொல்வாள். “இருங்க தம்பி, நான் போறேன்,” என்கிறேன். அருளானந்து அட்டையை உள்ளே தள்ளிவிட்டுச் சப்பணம் போடாத குறையாகச் சௌகரியமாகச் சாய்ந்துகொள்கிறார்.

நடக்கிறேன். கூடம் இவ்வளவு நீளமா. பட்டு மெத்தையில் மெடல் வைத்து ஒரு பெண் நீட்டுகிறாள், வெள்ளை நட்சத்திரம், சிவப்பு ரிப்பன், பின்னால் ஊக்கு. மைக்கை யாரோ என் உயரத்துக்கு இறக்குகிறார்கள். மீனா லியோனிலிருந்து போனில் பார்த்துக்கொண்டிருக்கிறாள், யாரோ முன்வரிசையில் போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள், அம்மா சொல்லமாட்டாள் என்று அவள் தன் பிள்ளைகளிடம் பந்தயம் கட்டியிருக்கிறாள், கழுதை. இவருக்கு எதிரே நிற்கிறேன். சவரம் செய்த கன்னத்தில் ஒரு சின்ன வெட்டு. மூச்சு வாங்கிக்கொள்கிறேன். வலி வந்தவர்களுக்குச் சொல்வேனே, இப்ப விடாதீங்க, இப்ப விடாதீங்க, ம், இப்ப. வாய் திறக்கிறது. நாக்கு மேலண்ணத்துக்குப் போகிறது. ஒட்டிக்கொள்ளவில்லை.

“தாண்டவராயன் சிங்காரவேலு.”

என் குரலா அது. ஒரு எழுத்தும் நொண்டாமல், ணகரம் ணகரமாக, ரகரம் ரகரமாக, பெருக்கித் துடைத்த வீடு மாதிரி வந்தது. கூடம் அமைதியாகிவிட்டது. நவம்பரில் வருமே, அதே அமைதி. அடுத்து வாசகத்தைத் தொடரவேண்டும், குடியரசுத் தலைவர் பெயரால், ஆனால் நான் தொடரவில்லை, தொடர முடியவில்லை, அந்த அமைதிக்குள் காதை வைத்துக்கொண்டு நிற்கிறேன். டப்பென்று ஒரு சத்தம். இவருடைய குதிகால்கள். மோவாய் மேலே போகிறது. கண் எதிர்ச்சுவரில். பிறகு பின்வரிசையெல்லாம் தூக்கிவாரிப் போடுகிற மாதிரி, இருபது வயதுத் தொண்டையில், முழு வாயும் திறந்து:

“ப்ரெஸான்!”

ஒரு விநாடி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. வாங்குகிறவர் வாயே திறக்கக்கூடாது, அதுதான் சட்டம். இவருக்கே அப்போதுதான் தெரிகிறது, காது வரைக்கும் சிவந்துபோகிறார். முதலில் அருளானந்து சிரித்தார். பிறகு கிழச் சிப்பாய்கள் எல்லோரும், தொடையில் தட்டிக்கொண்டு, ஒவ்வொருவரும் பட்டாளத்து மைதானங்களில் அதே மாதிரிக் கத்தினவர்கள்தானே. பிறகு பின்வரிசைப் பெண்கள், சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. கான்சல் அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரிகூட வாயைப் பொத்திக்கொள்கிறார். எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை, இரண்டுக்கும் ஒரே தண்ணீர்தான், மை போனால் போகட்டும். இருக்கிறாராம். கூப்பிட்டேன், இருக்கிறேன் என்கிறார். இத்தனை வருஷம் நான் பயந்த கேள்விக்கு இவ்வளவு சத்தமாகப் பதில் வரும் என்று யார் கண்டது. முதல் தடவையாக ஒருத்தி பெயரை முடிக்கும்வரைக்கும் காத்திருந்து, முடித்தபிறகு கத்தியிருக்கிறார். வாசகத்தைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன், செல்லும் செல்லும், சிரித்துக்கொண்டு சொல்லக்கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஊக்கை எடுத்தேன். எத்தனை குழந்தைகளுக்குத் துணி சுற்றி ஊக்குக் குத்தின கை, கோட்டுக்குள் போய் வெளியே வந்து சரியாகப் பூட்டிக்கொண்டது. விரல் நுனிக்கு அடியில், கோட்டுக்கு அந்தப் பக்கம், ஸ்டென்ட் வைத்த நெஞ்சு நன்றாக அடித்துக்கொண்டிருந்தது, கொஞ்சம் வேகம்தான், இன்றைக்கு இருக்கட்டும்.

இனி முத்தம். கன்னத்தோடு கன்னம் வைக்கிறேன், பவுடரும் சவர சோப்பும். கூட்டம் கை தட்டிக்கொண்டிருக்கிறது, மைக் தள்ளி இருக்கிறது, யாருக்கும் கேட்காது. காதுக்குள் மெல்ல, “தாண்டவராயன்,” என்கிறேன்.

“ப்ரெஸான்,” என்கிறார், அவரும் மெல்ல.

இன்னொரு கன்னம் பாக்கி இருக்கிறது.